வன்னி வெயிலில் ஜிஞ்சர் பியர்: முதலில் வாங்க வேண்டிய சாமான்கள்

லண்டனில் இருக்கும் என் மைத்துனர் வீட்டிலேயே பியர் காய்ச்சிப் பழகியவர். நான் இங்கே ஜிஞ்சர் பியர் செய்து பார்க்கப் போகிறேன் என்று சொன்னபோது, புதிதாகத் தொடங்குவோருக்கென்று அங்கே ஒரே பெட்டியில் விற்கும் சாமான்களின் பட்டியலை அனுப்பிவைத்தார். மூடியுள்ள 25 லீற்றர் வாளி, காற்றுப்பூட்டு, வடிகுழாய், ஹைட்ரோமீற்றர், போத்தலுக்குத் தகர மூடி அடிக்கும் கருவி ஆகியவற்றோடு, வாளியைச் சுற்றிக் கட்டும் மின்சாரச் சூட்டுப்பட்டி ஒன்றும் அதில் இருந்தது. கிளிநொச்சியிலிருந்து இரணைமடுவுக்குப் போகும் வழியில் இருக்கும் எங்கள் வீட்டில், சோளகம் வீசும் மாதங்களில் சமையலறையின் வெப்பநிலை பகலில் 33 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். சூட்டுப்பட்டியை வெட்டிவிட்டு மற்றவற்றைப் பார்த்தபோதுதான், அந்தப் பட்டியல் முழுவதும் குளிர்நாட்டு வீடொன்றில் எது பிழையாகப் போகும் என்று யோசித்து எழுதப்பட்டது என்பதும், எங்கள் வெயிலில் எது பிழையாகப் போகும் என்று பார்த்து நான் வேறொரு பட்டியல் எழுத வேண்டும் என்பதும் விளங்கின. ஒன்பது தடவை செய்து பார்த்த பிறகு அந்தப் பட்டியல் ஓரளவு நிலைபெற்றுவிட்டதால் இதை எழுதுகிறேன்.

பியரை விட்டு ஜிஞ்சர் பியரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் உற்பத்தி செய்வது இலங்கையில் குற்றம். கசிப்பினால் குடும்பங்கள் பட்ட பாட்டைக் கண்ணால் கண்ட ஊரில் இருந்துகொண்டு அந்த எல்லைக்குக் கிட்டப் போகவும் எனக்கு விருப்பமில்லை. எனக்கு வேண்டியது இஞ்சியும் தேசிக்காயும் சீனியும் சேர்ந்த, வாயில் நுரைக்கும் ஒரு குளிர்பானம் மட்டுமே. அந்த நுரையை ஈஸ்ட் தருகிறது. ஈஸ்ட் வேலை செய்தால் சிறிதளவு அற்ககோலும் உண்டாகாமல் இராது. ஆகவே நொதித்தலைத் தொடக்கத்திலேயே நிறுத்த வேண்டும், நிறுத்திய இடம் எது என்று அளந்தும் பார்க்க வேண்டும். என் சாமான் பட்டியல் இந்த இரண்டு தேவைகளையும் சுற்றியே அமைந்தது.

முதலாவது தடவை நான் எதையும் வாங்கவில்லை. வீட்டில் இருந்த பெரிய சட்டியில் இஞ்சியையும் சீனியையும் காய்ச்சி, ஆறவைத்து, வெதுப்பகங்களில் பாவிக்கும் ஈஸ்டைக் கலந்து, கழுவி வைத்திருந்த நான்கு கண்ணாடிப் போத்தல்களில் ஊற்றி இறுக மூடி, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தேன். அவை முன்பு சோஸும் கோடியலும் அடைத்து வந்த போத்தல்கள். இரண்டாம் நாள் இரவு இரண்டு மணியளவில் வெடிச் சத்தம் கேட்டு வீடு முழுவதும் எழும்பிவிட்டது. சத்தத்துக்கு இன்னும் பழகாத, அதை வேறொன்றாக நினைக்கும் ஆட்கள் எங்கள் வீட்டிலும் அயலிலும் இருக்கிறார்கள். அம்மா படுக்கையை விட்டு எழுந்து நிலத்தில் இருந்துவிட்டார். விளக்கைப் போட்டுப் பார்த்தபோது, ஒரு போத்தல் கழுத்துக்குக் கீழே இல்லாமற் போயிருந்தது. பெருவிரல் அளவான கண்ணாடித் துண்டொன்று அரிசிச் சாக்கைக் கிழித்துக்கொண்டு உள்ளே புகுந்திருந்தது. மற்ற மூன்றையும் தடித்த ஈரச் சாக்கினால் மூடிக் கோலால் தள்ளி முற்றத்துக்குக் கொண்டுபோய், அடுத்த நாள் மாலை வரை ஒருவரையும் கிட்டப் போக விடவில்லை. அந்த மூட்டை அரிசியை முழுவதுமாகக் கொட்டினோம்.

நடந்ததன் கணக்கு எளியது. நான் ஒரு லீற்றருக்கு 100 கிராம் சீனி போட்டிருந்தேன். சீனி நொதிக்கும்போது அதன் நிறையில் ஏறத்தாழப் பாதி காபனீரொட்சைட்டு வாயுவாகிறது. முழுவதும் நொதித்தால் ஒரு லீற்றரில் கிட்டத்தட்ட 50 கிராம் வாயு. கடையில் வாங்கும் சோடாவில் இருப்பது 6 முதல் 8 கிராம் வரைதான். பியர் காய்ச்சுபவர்கள் சீனியை வாளியிலேயே முழுக்க நொதிக்கவிட்டு, போத்தலில் அடைக்கும்போது வாயுவுக்கு மட்டும் அளந்து சிறிது சீனி சேர்ப்பார்கள். அதனால் அவர்களுடைய போத்தல் தானாகவே ஓரிடத்தில் நின்றுவிடும். இனிப்போடு குடிக்க வேண்டிய ஜிஞ்சர் பியரில் சீனி மீதமிருந்தே ஆக வேண்டும். ஈஸ்டுக்குத் தீனி தீராதவரை போத்தலுக்குள் அமுக்கம் ஏறிக்கொண்டே போகும். 20 பாகையில் நாலைந்து நாள் எடுக்கும் வேலையை எங்கள் வெப்பநிலையில் ஈஸ்ட் ஒரு நாளில் முடித்துவிடுகிறது.

ஆகவே என் பட்டியலில் முதலாவது சாமான் போத்தல். இன்றுவரை 1.5 லீற்றர் பிளாஸ்டிக் சோடாப் போத்தல்களையே பாவிக்கிறேன். குடிதண்ணீர் அடைத்து வரும் போத்தல் இதற்கு உதவாது. இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: தண்ணீர்ப் போத்தலின் பிளாஸ்டிக் மெல்லியது, அடிப்பாகம் தட்டையானது; சோடாப் போத்தலின் அடி ஐந்து கால்கள் போல மடிந்து, அமுக்கத்தைத் தாங்கும்படி வார்க்கப்பட்டிருக்கும். அதைவிடப் பெரிய நன்மை, அது கையோடு பேசும் என்பது. விரலால் அமத்தும்போது குழிந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. புதிதாக வாங்கிய சோடாப் போத்தலைப் போலக் கல்லாக இருந்தால் உடனே குளிரில் வைக்க வேண்டும். கண்ணாடிப் போத்தல் உடையும் கணம்வரை ஒன்றும் சொல்லாது. தகர மூடி அடிக்கும் கருவி இதனால் பட்டியலிலிருந்து தானாகவே விழுந்துவிட்டது.

பிளாஸ்டிக் போத்தலைச் சுத்தம் செய்வதில் ஒரு பிழை விட்டேன். கிருமி போகட்டும் என்று கொதிதண்ணீரை ஊற்றினேன். ஊற்றிக்கொண்டிருக்கும்போதே போத்தல் சுருங்கி, இடுப்பு ஒடிந்து, ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. இந்த வகைப் பிளாஸ்டிக் 70 பாகையைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். இப்போது வாசனை சேராத வெளுக்கும் திரவத்தை நான்கு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற அளவில் கலந்து, போத்தல்களையும் மூடிகளையும் இருபது நிமிடம் ஊறவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீரால் மூன்று தடவை அலசுகிறேன். அதே நேரத்தில் தேசிக்காய்த் தண்ணீரோ வினாகிரியோ அந்தத் திரவத்தோடு சேர்ந்துவிடக் கூடாது. சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். தேசிக்காய் வெட்டும் மேசையும் போத்தல் கழுவும் இடமும் எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பக்கம்.

இரண்டாவது சாமான் வெப்பமானி. காய்ச்சிய கலவை ஐந்து லீற்றர் இந்த வெயிலில் ஆறுவதற்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். கைபொறுக்கும் சூடு என்று நம்பி ஈஸ்டைப் போட்டு ஒரு தடவை முழுவதையும் வீணாக்கினேன். கைக்கு 45 பாகையும் பொறுக்கும். ஆனால் 40 பாகைக்கு மேல் ஈஸ்ட் தளர்ந்துவிடும், 55 ஐத் தாண்டினால் செத்துவிடும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 35 முதல் 42 வரைதான் காட்டும் என்பதாலும், பழைய வகையில் பாதரசம் இருப்பதாலும் அதை இதற்குள் விடவே கூடாது. சமையலுக்கென்று விற்கும், நீண்ட ஊசியுள்ள மின்கல வெப்பமானிதான் சரி. கொதிதண்ணீரில் வைத்து 100 ஐ ஒட்டிக் காட்டுகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும்.

வெப்பமானி வந்த பிறகுதான் குளிர்விப்பதற்கும் ஒரு வழி கிடைத்தது. வாய் அகன்ற தாச்சியில் நான்கு விரற்கடை தண்ணீர் விட்டு, அதற்குள் வாளியை வைத்து, நனைத்த சணல் சாக்கொன்றை அதன் விளிம்பு தண்ணீரில் தொட்டுக்கொண்டிருக்கும்படி வாளியைச் சுற்றிக் கட்டி, சோளகக் காற்று நேரே படும் பின்விறாந்தையில் வைத்தேன். வெளியே 33 பாகை இருந்த பிற்பகலில் வாளிக்குள் 28 பாகை. ஒரு சதமும் செலவில்லாத அந்த ஐந்து பாகை, போத்தல் இறுகும் நேரத்தை நடுச்சாமத்திலிருந்து விடியற்காலைக்குத் தள்ளிவிட்டது. நித்திரை கொள்ளும் மனிதனுக்கு அது பெரிய வேறுபாடு. மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் சாக்கு காயாது, குளிர்ச்சியும் தராது. அந்த மாதங்களில் வெளி வெப்பநிலை தானாகவே குறைந்துவிடுவதால் சாக்கின் தேவையும் குறைவு.

மூன்றாவது, அளக்கும் கருவி. சீனி கரைந்த தண்ணீர் வெறும் தண்ணீரைவிட அடர்த்தியானது. வெறும் தண்ணீரை 1.000 என்று வைத்து ஒப்பிடும் இந்த அளவுக்குச் சாரடர்த்தி என்று பெயர். ஈஸ்ட் சீனியைத் தின்னத் தின்ன அடர்த்தி இறங்கும். தொடக்கத்தில் எவ்வளவு, முடிவில் எவ்வளவு என்று தெரிந்தால், வித்தியாசத்தை 131 ஆல் பெருக்கிப் பானத்தில் எத்தனை வீதம் அற்ககோல் உண்டாயிற்று என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம். இதற்குரிய ஹைட்ரோமீற்றரைக் கிளிநொச்சிக் கடைகளில் தேடினேன். கிடைத்தது பற்றரி அமிலம் பார்க்கும் கருவி. அதன் அளவுகள் 1.100 இல் தொடங்கி 1.300 வரை போகும். என் கலவையின் அளவு 1.040 க்கும் கீழே என்பதால் அதன் மிதவை எழும்பாமல் அடியிலேயே கிடந்தது. எழும்பியிருந்தாலும், அமிலத்துக்குள் போய்வரும் கருவியைக் குடிக்கும் பானத்துக்குள் விட முடியாது. நான் பார்த்ததோடு நிறுத்தினேன், அந்த மாதிரியையும் கொட்டினேன்.

விடை பக்கத்திலேயே இருந்தது. எங்கள் ஒழுங்கையில் மாடு வைத்திருக்கும் அண்ணை காலையில் பால் சேகரிப்பு நிலையத்துக்குப் பால் கொண்டுபோகிறவர். அங்கே பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் லக்டோமீற்றரைப் போன்ற ஒன்றைத் தானும் வாங்கி வைத்திருந்தார். அதை இரவல் கேட்டபோது, “தம்பி, இது பாலுக்கை தண்ணி விட்டவனைப் பிடிக்கிற சாமான், உம்மடை இஞ்சித் தண்ணி இதுக்கு என்னத்தைச் சொல்லப்போகுது?” என்றார். அதன் தண்டில் 15 முதல் 40 வரை கோடுகள் இருந்தன. 15 என்பது 1.015, 40 என்பது 1.040. ஒரு லீற்றருக்கு 100 கிராம் சீனி சேர்ந்த கலவையின் சாரடர்த்தி ஏறத்தாழ 1.038. என் தேவைக்கு வேண்டிய இடம் அப்படியே அந்தத் தண்டுக்குள் அடங்கியிருந்ததைக் கண்டபோது உண்டான மகிழ்ச்சியை அண்ணைக்கு விளங்கப்படுத்தவே பத்து நிமிடம் எடுத்தது.

முதல் வாசிப்பு என்னைக் குழப்பியது. 100 கிராம் சீனியைத் தராசில் நிறுத்து, தண்ணீரில் கரைத்து, சரியாக ஒரு லீற்றராக்கி அளந்தபோது 38 வரவேண்டிய இடத்தில் 35 காட்டியது. கருவி பழுதென்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போன கையோடு, தண்டின் மேற்பகுதியில் சிறிய எழுத்தில் 60 பாகை பரன்ஹைட் என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்தேன். அது 15.6 பாகை செல்சியஸ். வன்னியில் எந்தத் தண்ணீரும் தானாக அந்த வெப்பநிலைக்கு வராது. திரவம் சூடாக இருக்கும்போது விரிந்து அடர்த்தி குறைகிறது. 30 பாகையில் அந்தக் குறைவு ஏறத்தாழ மூன்று கோடுகள். கருவி சரியாகவே சொன்னது. நான்தான் மூன்றைக் கூட்ட வேண்டியிருந்தது. இப்போது ஒவ்வொரு தடவையும் முதலில் வெப்பநிலையை எழுதிவிட்டே அடர்த்தியை எழுதுகிறேன். புதிதாக ஹைட்ரோமீற்றர் வாங்குபவர்களும் அது எந்த வெப்பநிலைக்கு அளவிடப்பட்டது என்று தண்டில் தேடிப் பார்க்க வேண்டும். பல கருவிகளில் 20 பாகை என்றிருக்கும்.

நுரையுள்ள திரவத்தில் இன்னொரு தொல்லை உண்டு. வாயுக் குமிழிகள் கருவியின் உடம்பில் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கிவிடும். அடர்த்தி கூடுதலாகத் தெரியும். சோதனைக்கு எடுத்த மாதிரியை இரண்டு எவர்சில்வர் குவளைகளில் தேத்தண்ணி ஆத்துவது போலப் பத்துத் தடவை மாற்றி மாற்றி ஊற்றி, வாயுவைப் போக்கி, துணியில் வடித்து, உயரமான குவளையில் விட்டு, கருவியை விரலால் மெல்லச் சுழற்றி நிற்கவிட்டு, கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து வாசிக்க வேண்டும். மாதிரியை மறுபடி போத்தலுக்குள் ஊற்றக் கூடாது.

இப்படி அளந்ததில் ஒன்று தெரிந்தது. போத்தல் கல்லாக இறுகும் நேரத்தில் அளவு 1.038 இலிருந்து 1.034 க்குத்தான் இறங்கியிருக்கிறது. நான்கு கோடுகள் என்றால் அற்ககோல் அரை வீதம் அளவில். உண்டான வாயு முழுவதும் போத்தலுக்குள்ளேயே நிற்பதால், நல்ல நுரைக்கு அந்த நான்கு கோடுகளே போதுமாகிவிடுகின்றன. மதுவை அறவே தொடாதவர்களுக்கு இதைக் கொடுப்பதற்கு முன் இந்த அரை வீதத்தைச் சொல்லிவிடுகிறேன், சிறு பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. கணக்குத் தெரிந்தவன் அதை மறைப்பது சரியில்லை.

வாளிக்கும் பாத்திரத்துக்கும் அதிகம் யோசிக்கத் தேவையில்லை. வர்ணம் அடைத்து வந்த வாளியை எவ்வளவு கழுவினாலும் பாவிக்கக் கூடாது. வெதுப்பகத்தில் மாஜரின் வந்த வாளி உணவுக்குரியதுதான் என்றாலும், கொழுப்பு மணம் பிளாஸ்டிக்கில் ஊறிவிடுவதால் நான் அதைத் திருப்பிக் கொடுத்தேன். அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்ற இலக்கமும், குவளையும் முட்கரண்டியும் கொண்ட குறியும் உள்ள 10 லீற்றர் வாளியொன்று ஐந்து லீற்றர் செய்வதற்குத் தாராளம். அதைத் தும்பால் தேய்க்காமல் துணியால் மட்டும் கழுவ வேண்டும். கீறல்களுக்குள் ஒளிக்கும் கிருமியை எந்தத் திரவமும் எட்டாது. காய்ச்சுவதற்கு அலுமினியச் சட்டி வேண்டாம். தேசிக்காய்ப் புளி அதைத் தின்னும், பானத்தில் உலோகச் சுவை ஏறும். எவர்சில்வர் பானை போதும். இஞ்சியை அம்மியில் நசிப்பதா கிரைண்டரில் அடிப்பதா என்பது அவரவர் கைவசதி. கிரைண்டரில் அடித்தால் வடிப்பதற்கு இரட்டைத் துணி வேண்டும்.

காற்றுப்பூட்டை நான் வாங்கவில்லை. வாரக்கணக்கில் வாளியில் கிடக்கும் பியருக்கு அது தேவை. வாயு வெளியே போகவும் வெளிக்காற்று உள்ளே வராமல் இருக்கவும் அது வழி செய்கிறது. என் கலவை வாளியில் இருப்பது ஈஸ்ட் விழித்துக்கொள்ளும் மூன்று நாலு மணித்தியாலம் மட்டும்தான்; அதற்குச் சுத்தமான துணியும் அதன்மேல் ஒரு மூடியும் போதும். வடிகுழாய்க்காக மேசன்மார் நீர்மட்டம் பார்க்கும் தெளிந்த குழாயில் ஒரு முழம் வாங்கிச் சூடான தண்ணீரில் போட்டபோது, அது பால்போல வெளுத்துப் பிளாஸ்டிக் நெடி அடித்தது. மருந்துக்கடையில் வாங்கிய புதிய சேலைன் குழாய் சுத்தமானது, திறந்து மூட உருளையும் உண்டு. ஆனால் இஞ்சி நார் அரை நிமிடத்தில் அதை அடைத்துவிட்டது. கடைசியில் புனலும் அகப்பையும்தான் நின்றன. ஐந்து லீற்றருக்குக் குழாய் இல்லாமலே சமாளிக்கலாம்.

குளிர்சாதனப்பெட்டியைச் சாமான் பட்டியலில் எழுதுவது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். இந்தப் பானத்தில் நொதித்தலை நிறுத்தும் கருவி அதுதான். நிறுத்துகிறது என்பதைவிட உறங்க வைக்கிறது என்பதே சரி. 4 பாகையில் ஈஸ்ட் அடங்கிக் கிடக்கும், சாகாது. ஏழாவது தடவை ஒரு நாள் மாலையிலிருந்து மறுநாள் நண்பகல் வரை மின்சாரம் நின்றுவிட்டது. பெட்டியைத் திறந்து தொட்டபோது போத்தல்கள் மூன்றும் மரக்கட்டை போல இருந்தன. அடியின் ஐந்து கால்களும் வெளியே தள்ளி, நிமிர்ந்து நிற்க முடியாமல் ஒன்று ஆடியது. ஒவ்வொன்றையும் கிணற்றுத் தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தி, முகத்தை அப்பால் திருப்பி, மூடியைக் கால் சுற்று மட்டும் திருகி, சீறல் நின்ற பிறகு மேலும் கால் சுற்றுத் திருகி வாயுவை விட்டேன். அதன் பிறகு இரண்டு வழக்கங்கள்: செய்ததை நான்கு நாளுக்குள் குடித்து முடிப்பது, மின்சாரம் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் எல்லா மூடிகளையும் ஒரு தடவை தளர்த்தி மூடுவது. தொடர்ந்து மின்சாரம் இல்லாத வீட்டில் இதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன்.

ஒன்பதாவது தடவைக்கான குறிப்பு கொப்பியில் இப்படி இருக்கிறது: இஞ்சி 250 கிராம், சீனி 500 கிராம், தேசிக்காய் நான்கு, எல்லாம் சேர்த்து ஐந்து லீற்றர், 29 பாகையில் கால் தேக்கரண்டி ஈஸ்ட், தொடக்கம் 38, போத்தலில் அடைத்தது பிற்பகல் 5 மணி, இறுகியது மறுநாள் காலை 9 மணி, முடிவு 34. அண்ணைக்கு ஒரு போத்தலும் லக்டோமீற்றரும் சேர்த்துக் கொண்டுபோனேன். கருவியை வாங்கி வைத்துக்கொண்டு, தண்டிலிருந்த இஞ்சி மணம் போகவே இரண்டு நாள் செல்லும் என்று சொல்லி, இனி எனக்கென்று ஒன்று வாங்கும்படி சொன்னார். அதனால் 1.000 இலிருந்து 1.100 வரை அளக்கும் ஹைட்ரோமீற்றர் ஒன்றை மைத்துனரிடம் கேட்டிருக்கிறேன். அவருடைய பட்டியலிலிருந்து நான் கேட்டது அது ஒன்றைத்தான்.